இரக்கம் வேண்டாம், இறக்கம் வேண்டும்

விளையாட்டுக்குள்ளே சாதியைக் கொண்டுவராதீர்கள் என்று நமக்கு உபதேசம் பண்ணுகிறவர்கள் பெருத்துப்போனார்கள். கொண்டுவந்தவன் யார் என்று திருப்பிக் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறார்கள். சரி, கொஞ்ச நேரம் சாதியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வெறும் கணக்குப் பேசுவோம். நான் கவிதை எழுதுகிறவன்தான். ஆனாலும் பகல் பொழுதில் வங்கிக் குமாஸ்தா. கூட்டலும் கழித்தலும்தான் எனக்குச் சோறு போடுகிறது.

2018-19 பருவத்தில் தமிழ்நாட்டின் பேரால் இரண்டு தொழில்முறைக் கால்பந்து அணிகள் தேசிய அளவில் ஆடின. ஒன்று சென்னை சிட்டி எஃப்.சி. ஐ லீக்கில் 20 ஆட்டம், 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி, 43 புள்ளி. பதினொரு அணிகளில் முதலிடம். இன்னொன்று சென்னையின் எஃப்.சி. (பெயரிலேயே வேற்றுமை உருபு. சென்னையின் எது என்றுதான் கடைசிவரை விளங்கவில்லை.) ஐ.எஸ்.எல்.லில் 18 ஆட்டம், 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி, 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாமிடம். ஒரே வருஷம், ஒரே மாநிலம். ஒன்று உச்சியில், ஒன்று அடியில். இன்றைக்கு இதில் எது உயிரோடு இருக்கிறது? முதலில் வந்தது செத்துப்போச்சு. கடைசியில் வந்தது சௌக்கியமாக இருக்கிறது.

முதல் மார்க் வாங்கினவன் வெளியே நிற்க, கடைசி மார்க் வாங்கினவன் உள்ளே உட்காருகிற கணக்கு மனு எழுதிய நோட்டில்தான் உண்டு. ஆக, வாசலில் விட்ட செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வரவேண்டியதாகிவிட்டது.

அந்தப் பருவத்தை ஞாபகப்படுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மறக்கடித்துவிட்டார்கள். பெயர் சென்னை சிட்டி, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். முந்தின இரண்டு பருவமும் அட்டவணையின் அடிப்பாதியில் கிடந்த அணி. பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். ஸ்பெயின் ஆட்டக்காரர்கள் நாலு பேர். கூடவே மைக்கேல் ரெஜின், எட்வின் சிட்னி வான்ஸ்பால், பிரவிட்டோ ராஜு என்று நம்ம பக்கத்துப் பையன்கள். 2018 அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே பெட்ரோ மான்சி மூன்று கோல் போட்டார். பருவம் முடிகிறபோது அவர் கணக்கில் 21 கோல்.

கடைசி நாள் 2019 மார்ச் 9. ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால், 1920-ல் பிறந்த கிளப், கல்கத்தாவே பின்னால் நிற்கிற கிளப். அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடுகிறார்கள். இங்கே கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாப். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் பஞ்சாப்காரன் ஒரு கோல் போட்டுவிட்டான். முதல் பாதி முழுக்க அப்படியே. இரண்டாம் பாதியில் பெனால்டியில் மான்சி சமன் செய்தார். அதற்குப் பிறகு கௌரவ் போரா என்கிற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல். தடுப்பாட்டக்காரர்! 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தும் பிரயோஜனமில்லை, 42 புள்ளியில் நின்றுபோனது. ஐ லீக் கோப்பை முதல் தடவையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

மறுநாள் எத்தனை தமிழ்ப் பத்திரிகையில் அது முதல் பக்கச் செய்தி என்று உங்கள் நினைவையே கேட்டுப்பாருங்கள். அந்த மாதம் ஐ.பி.எல். தொடங்கவிருந்தது. சேப்பாக்கத்து மைதானத்துப் புல்லுக்குக் கிடைத்த எழுத்துகூட இந்தக் கோப்பைக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை சிட்டி சேரி அணி இல்லை. முதலாளி அணிதான். 2016-17 பருவத்துக்கு அது கீழ் டிவிஷனில் ஆடி ஏறி வரவில்லை, நேரடி நுழைவில் வந்தது. கோப்பைக்குப் பிறகு 2019-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஆகவே நான் முதலாளிக்காகக் கண்ணீர் விடவில்லை, என்னிடம் அவ்வளவு கண்ணீர் ஸ்டாக் கிடையாது. என் வழக்கு வேறு. ஆடி ஜெயித்தால் என்ன கிடைக்கும், ஆடித் தோற்றால் என்ன போகும் என்று ஒரு விதி இருக்கவேண்டும் அல்லவா, அந்த விதியைத் திருடியவன் யார் என்பதுதான் என் வழக்கு.

2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் நாட்டின் கால்பந்து வணிக உரிமையை ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் கூட்டுக்கு 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு எழுதிக்கொடுத்தது. வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு 47 கோடிகூட வரவில்லை. ஒரு தேசத்தின் கால்பந்துக்கு இதுதான் குத்தகை. 2014 அக்டோபரில் ஐ.எஸ்.எல். ஆரம்பம். ஏற்கெனவே ஐ லீக் என்று ஒன்று இருந்தது. அதில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், கோவாவின் பழைய கிளப்புகள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. அதை மூடவில்லை. அதன் பக்கத்திலேயே பளபளவென்று இன்னொன்றைப் போட்டார்கள். சினிமா நடிகர், கிரிக்கெட் நட்சத்திரம், தொழிலதிபர் என்று பங்குதாரர்கள். சென்னையின் அணிக்கு அபிஷேக் பச்சனும் தோனியும். உள்ளே வர கோடிக்கணக்கில் கட்டணம். கட்டினவனுக்கு ஒரு வரம்: எத்தனை தோற்றாலும் உன்னைக் கீழே இறக்க மாட்டோம்.

நம் டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்தவர்களுக்கு இது விளங்க ரொம்ப நேரம் ஆகாது. ஒரே டீ. ஒரே பாய்லர். ஒரே விலை. கிளாஸ் மட்டும் வேறு. ஒன்று உள்ளே கண்ணாடி கிளாஸ், இன்னொன்று வெளியே கொட்டாங்கச்சி, பிறகு அலுமினியம், பிறகு நாகரிகம் வந்து ‘யூஸ் அண்ட் த்ரோ’ கப். ஒரே பந்து, ஒரே 90 நிமிஷம், ஒரே ஆஃப்சைடு, கோப்பை மட்டும் ரெண்டு. இரட்டைக் குவளையைத் தடை செய்யச் சட்டம் இருக்கிறது. இரட்டைக் கோப்பையை நடத்தச் சம்மேளனமே இருந்தது.

அதிலும் கவனியுங்கள். சென்னை சிட்டி ஜெயித்த வருஷத்தில் ஆசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கணக்கில் நாட்டின் சாம்பியன் ஐ லீக் சாம்பியன்தான். அதனால்தான் 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு சென்னை சிட்டி ஆடியது, 0-1 என்று தோற்றது. ஆனால் அதற்குள்ளேயே, கோப்பை கைக்கு வந்து எட்டு மாதம் ஆவதற்குள், 2019 அக்டோபரில் புதுப் பாதை ஒன்று போட்டு ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். இனி முதல் லீக் ஐ.எஸ்.எல்.தான், ஆசியாவின் பெரிய வாசல் அந்த வீட்டுக்குத்தான். நம்ம ஆள் கஷ்டப்பட்டு மாடி ஏறி நின்றவுடனே, அட இது மாடியே இல்லப்பா, இனிமே இதுதான் தரை என்று சொல்லிவிட்டான். படித்து பட்டம் வாங்கி வருகிறபோதெல்லாம் ‘இப்போது பட்டத்துக்கு மதிப்பில்லை, திறமைதான்’ என்று சொல்கிறார்களே, அதே குரல்.

2021-22 ஐ லீக் அட்டவணையில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. மூன்று வருஷம்கூட ஆகவில்லை, சாம்பியன் காணாமல் போனான். பத்தாமிடம் வந்த சென்னையின் அணியோ அடுத்த வருஷமே இறுதி ஆட்டம்வரை போனது. நன்றாக ஆடித்தான் போனார்கள், மறுக்கவில்லை. 2015-லும் 2017-18-லும் கோப்பை வாங்கியவர்கள்தான். ஆனால் 9 புள்ளி வாங்கிய பிறகு அந்த மறுவாய்ப்பைக் கொடுத்தது எது? திறமையா? வாங்கிப்போட்ட இடம். நம்மூரில் அதற்குப் பெயர் பிறப்பு.

பந்தை விட்டுவிட்டு ஏற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் சாக்கோட்டைப் பக்கம் பம்புசெட் வருவதற்கு முன்னால் கிணற்றில் ஏற்றம் இறைத்தார்கள். என் தாத்தா அடுத்தவன் கிணற்றில் ஏற்றம் மிதித்தவர். அதில் ஒரு எளிய நியாயம் உண்டு. ஒரு முனை இறங்கினால்தான் மறுமுனை ஏறும். இறக்கம் இல்லாமல் ஏற்றம் மட்டும் கட்டுகிற ஆசாரி இன்னும் பிறக்கவில்லை. லீக் ஆட்டமும் அப்படித்தான். கடைசியில் நிற்கிறவன் இறங்கவேண்டும், கீழ் டிவிஷனில் முதலில் நிற்கிறவன் ஏறவேண்டும். இந்த இறக்கத்தை எடுத்துவிட்டால் அதற்குப் பெயர் லீக் இல்லை, வருணம்.

2016-17-ல் இதே ஐ லீக்கில் ஒன்று நடந்தது. மிசோரத்தின் ஐசால் அணி அதற்கு முந்தின பருவத்தில் இறங்கிப்போன அணி. கோவா கிளப்புகள் எதிர்ப்புத் தெரிவித்து விலகிக்கொண்டதால் காலியான இடத்தில் திரும்ப எடுத்தார்கள். அந்த அணி 37 புள்ளியோடு சாம்பியன் ஆனது. 36 புள்ளியில் மோகன் பகான். வடகிழக்கிலிருந்து வந்த முதல் சாம்பியன். நாம் ‘சிங்கி’ என்று கிண்டல் பண்ணி, ஓட்டலில் பாத்திரம் கழுவ வைத்திருக்கிற அந்தப் பையன்களின் மாநிலம்தான். வழி கொஞ்சம் திறந்திருந்தால் யார் யார் வருவார்கள் என்று மேலே இருக்கிறவர்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இப்போது நான் வேலை பார்க்கிற கிளையில் இருக்கும் ஒரு நண்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். பாரிஸ் சான் ஜெர்மேன் ரசிகர். மேசையில் எம்பாப்பே படம், அவர் 2024-ல் மாட்ரிட் போன பிறகும் எடுக்கவில்லை. “விளையாட்டுன்னா திறமைதான் சார். பிரான்ஸைப் பாருங்க. எல்லாத்துலயும் கோட்டா கேட்டா எப்படி சார்?” என்பார். நான் எந்த வழியில் வேலைக்கு வந்தேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார். சரி, பிரான்சுக்கே போவோம்.

2011-12 பருவம். அந்த வருஷம்தான் கத்தார் பணம் பாரிஸ் அணியை வாங்கியது. ஹவியேர் பாஸ்டோரே என்கிற ஒரே ஆட்டக்காரருக்கு 4 கோடி யூரோவுக்கு மேல் கொட்டினார்கள். அந்த வருஷத்துச் சாம்பியன் யார் தெரியுமா? மோன்பெலியே. 82 புள்ளி. பாரிசுக்கு 79. அந்தக் கிளப்பை 1974-லிருந்து கட்டி வளர்த்தவர் லூயி நிகோலன். தொழில்? குப்பை அள்ளும் கம்பெனி. ரசிகர்கள் தங்கள் அணியை லா பையாத் என்று கூப்பிடுகிறார்கள். அது மோன்பெலியேயின் ஓரத்தில் அல்ஜீரியா, மொராக்கோவிலிருந்து வந்த கூலி ஜனங்கள் நிறைந்த குடியிருப்பு. நம்ம பாஷையில் சொன்னால் வாரியக் குடியிருப்பு. தலைவர் பட்டை கட்டியவர் பாங்கியில் பிறந்த மாப்பு யாங்கா எம்பிவா. கடைசி நாளில் ஓசேர் மைதானத்தில் ஜெயிக்க வைத்த இரண்டு கோலும் நைஜீரியாவின் ஜான் உடாக்கா போட்டது. கோப்பை வந்த பிறகு நிகோலன் தலைமுடியை உச்சியில் மட்டும் நிறுத்தி அணியின் நிறத்தில் சாயம் போட்டுக்கொண்டு நின்றார். வாய்ச் சுத்தம் இல்லாத மனுஷன்தான், கம்பெனி முதலாளிதான், அவர் தோளில் மாலை போட எனக்கு அவசரமில்லை. குப்பையை அள்ளினவன் வேறு, குப்பைக் கம்பெனியை வைத்திருந்தவன் வேறு. ஆனாலும் குப்பை என்ற சொல் ஒட்டிய ஒரு பெயர் அங்கே கோப்பையோடு ஒட்டியது. இங்கே 2025 ஆகஸ்டில் சென்னையில் துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் நம் பெண்கள், தனியாருக்கு எங்களைத் தள்ளாதே என்று ரிப்பன் கட்டிடத்தின் முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். நடுராத்திரியில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கடைசி நாள் ஆட்டம் நடந்த ஓசேரைப் பாருங்கள். காரைக்குடியைவிடச் சின்ன ஊர். 1995-96-ல் சாம்பியன் ஆன அணி. 32 பருவம் மேல் டிவிஷனில் இருந்த அணி. அந்த 2011-12-ல் கடைசி இடம், இறங்கியது. ரசிகர்கள் கோபத்தில் டாய்லெட் பேப்பர் சுருளையும் டென்னிஸ் பந்தையும் மைதானத்தில் வீசினார்கள், ஆட்டம் நின்று நின்று நடந்தது. வீசினாலும் இறங்கித்தான் போனார்கள். பழைய பெருமை ஒன்றும் காப்பாற்றவில்லை. பிறகு ஏறி, இறங்கி, 2024-ல் மறுபடி ஏறி வந்தார்கள். மோன்பெலியே? 2024-25-ல் கடைசி இடம் வந்து அதுவும் இறங்கியது. ஆறு தடவை சாம்பியன் ஆன போர்தோ 2024-ல் கடன் தொல்லையில் நாலாம் டிவிஷனுக்கே போனது. அங்கே ஒவ்வொரு வருஷமும் கிளப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்ய ஒரு ஆணையம் இருக்கிறது. கணக்கு சரியில்லையென்றால் சாம்பியனாக இருந்தாலும் இறங்கு. படித்தபோது எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது. தணிக்கைக்காரனுக்குக் கை தட்டிய முதல் வங்கிக் குமாஸ்தா நானாகத்தான் இருப்பேன்.

நண்பரே, உங்கள் பிரான்சு சொர்க்கம் இல்லை. அதே பருவத்தில் பாரிஸ் அணியைப் பாதி வழியில் முதலிடத்தில் வைத்திருந்த பயிற்சியாளர் ஆன்ட்வான் கொம்புவாரே, நியூ கலிடோனியாவின் கனக் இனத்தைச் சேர்ந்தவர். 2011 டிசம்பரில், அணி முதலிடத்தில் இருக்கும்போதே, வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய பெயர் வேண்டுமாம். கார்லோ அன்சலோட்டியைக் கொண்டுவந்தார்கள், இரண்டாமிடம் வந்தார்கள். எழுத்துத் தேர்வில் முதலிடம், நேர்முகத்தில் ‘பொருத்தமில்லை’. இந்த வாசகம் நமக்கு எவ்வளவு பழக்கம்! அந்த வருஷத்தின் ஏப்ரலில்தான் இன்னொரு ஊழலும் வெளியே வந்தது. ஆப்பிரிக்க, அரபு வேருள்ள பையன்கள் பயிற்சிப் பள்ளிகளில் ‘ரொம்ப’ வந்துவிட்டார்கள், எண்ணிக்கைக்கு வரம்பு கட்டலாமா என்று சம்மேளனத்துப் பெரியவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். கோட்டா கோட்டா என்கிறீர்களே, அதுதான் மேலே இருக்கிறவன் போடும் கோட்டா. வெளியே தள்ளுவதற்கு. நாங்கள் கேட்பது உள்ளே வருவதற்கு. ரெண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ரெண்டும் ஒன்றாகிவிடாது. ஆனால் இத்தனை இனவெறியோடும் பணவெறியோடும் அங்கே ஒரு விதி மட்டும் நிற்கிறது: கடைசியில் வந்தால் இறங்கணும். அந்த ஒரு விதிதான் உங்களுக்குப் பிடித்த நாட்டிலிருந்து நீங்கள் இறக்குமதி பண்ணாதது.

இதற்கு அவர் சொல்கிற பதில் எனக்கு மனப்பாடம். “இறங்கணும்னு வச்சா எவன் சார் முதலீடு பண்ணுவான்? பாதுகாப்பு வேணும்ல?” இந்தப் பாதுகாப்பைத்தான் ரெண்டாயிரம் வருஷமாக அனுபவிக்கிறீர்கள். நான் தினமும் கடன் கணக்குப் பார்க்கிறேன். கறவை மாட்டுக்கு நாற்பதாயிரம் வாங்கின கிழவி மூன்று தவணை விட்டால் வீட்டு வாசலுக்குப் போய் நிற்கச் சொல்கிறது மேலிடம். பெரிய கடன்காரனுக்கு வாராக் கடன், மறுசீரமைப்பு, தள்ளிவைப்பு என்று எத்தனை மெத்தை! கீழே இருக்கிறவனுக்குத்தான் விழுகிற உரிமை, மேலே இருக்கிறவனுக்கு விழாத உரிமை. முதலீட்டுக்குப் பாதுகாப்பு என்பதன் தமிழ் அர்த்தம் இதுதான்.

அப்படிப் பாதுகாத்தும் என்ன கிழித்தார்கள்? 2023-ல் பஞ்சாபும் 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ லீக்கிலிருந்து ஏறினார்கள். சரி, ஏற்றம் வந்தது. இறக்கம்? 2023-24-ல் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த ஹைதராபாத் இறங்கவில்லை. 2024-25-ல் கடைசி இடம் வந்த முகமதனும் இறங்கவில்லை. வரும் வரும் என்றார்கள். 2025 ஜூலையில், புது ஒப்பந்தம் முடிவாகவில்லை என்று அடுத்த பருவத்தையே நிறுத்திவைப்பதாக நடத்துகிற கம்பெனி அறிவித்தது. அந்த டிசம்பரோடு 15 வருஷக் குத்தகை முடிந்தது. கீழே யாரும் விழக்கூடாது என்று கட்டின மாடி, அஸ்திவாரத்தோடு ஆடியது. ஆட்டக்காரர்கள் சம்பளம் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.

இந்த லீக் கதையெல்லாம் எங்கோ நடக்கிறது, சாக்கோட்டையில் உனக்கென்ன என்று கேட்கலாம்.

எங்கள் பையன்களின் பருவம் மாசி, பங்குனியில் கண்மாய் வற்றினால் ஆரம்பம். உள்வாயில் சீமைக் கருவேலை வெட்டி ஒதுக்கி, அந்தக் கம்பையே கோல் கம்பமாக நட்டு ஆடுவார்கள். வெடித்த வண்டல் தரையில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று எவனுக்கும் தெரியாது, அதனால் பந்தைக் காலோடு ஒட்டியே வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். கார்த்திகை மழைக்குப் பிறகு ஆட்டம் இல்லை, மைதானம் தண்ணிக்குள்ளே. ஊரில் நல்ல பொட்டல் இருக்கிறது, வருஷம் பூரா காய்ந்து கிடக்கிறது. அது ‘ஊர்’ பொட்டல். மஞ்சுவிரட்டுக்கும் நாடகத்துக்கும் ஆனது. அதில் ஆடக்கூடாது என்று யாரும் போர்டு வைக்கவில்லை. ஆடினால் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லவும் தேவையில்லை.

மூணு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர் ஒன்றில் எழுவர் கால்பந்துப் போட்டி. நுழைவுக் கட்டணம் ஆயிரம். பையன்கள் சித்தாள் வேலைக்குப் போன காசில் சேர்த்தார்கள். போனவர்கள் ஒரு தாளோடு திரும்பி வந்தார்கள். “அண்ணே, அம்பலத்துக்கிட்ட கையெழுத்து வாங்கியாரச் சொல்றாங்கண்ணே. எந்த ஊரு டீமுன்னு உறுதி பண்ணணுமாம்.” எந்த ஊர் அம்பலம் சேரி டீமுக்குக் கையெழுத்துப் போடுவான்? நான் போய்க் கேட்டேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். பிரச்சன வந்துறக்கூடாதுன்னுதான். வேணும்னா உங்க டீமுகளுக்கு மட்டும் தனியா ஒரு நாள் நடத்தித் தர்றோம். கப்பு நாங்களே வாங்கித் தர்றோம்.” தனி நாள். தனி கப். இரட்டைக் கோப்பை என்று மேலே எழுதினேனே, அலங்காரத்துக்கு எழுதவில்லை. அந்தக் கப்பை எங்கள் பையன்கள் வாங்கவில்லை. ஆயிரம் ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அதையும் முழுசாகக் கொடுக்கவில்லை, ‘ரசீதுச் செலவு’ என்று ஐம்பது பிடித்துக்கொண்டான்!

இங்கிருந்து தேவகோட்டை வழியாகக் கண்டதேவிக்கு வெகுதூரம் இல்லை. தேர் வடத்தை நாங்களும் தொடுவோம் என்று கேட்டதற்காக எத்தனை வழக்கு, எத்தனை வருஷம் தேரே ஓடாமல் நின்றது. 2024 ஜூனில் போலீஸ் பந்தோபஸ்தோடு ஓடியது. கயிற்றைத் தொடவே இவ்வளவு என்றால், அவனோடு மோதிப் பந்தைப் பறிக்க எவ்வளவு ஆகும்?

எவ்வளவு ஆகும் என்பதும் தெரியும். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனைப் பரீட்சைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து இழுத்து விரல்களை வெட்டினார்கள். கபடியில் அவர்கள் அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்றார்கள் குடும்பத்தார். ஏகலைவன் கதையை நாமெல்லாம் கவிதையில் எழுதி எழுதித் தேய்த்துவிட்டோம். இது கதை இல்லை, ஆஸ்பத்திரியில் தையல் போட்ட விரல். தோற்பது என்பது அவர்களுக்கு ஆட்டத்தின் ஒரு முடிவு இல்லை, சொத்து பறிபோவது. இறங்கவே வேண்டியிராத இடத்தில் பிறந்தவனுக்கு ஒரு நாள் ஒரு ஆட்டத்தில் இறங்குவதைக்கூடத் தாங்க முடியவில்லை. அந்தத் தாங்கமாட்டாமைக்குக் கீழ் மட்டத்தில் அரிவாள் என்று பெயர், மேல் மட்டத்தில் ‘ஃபிரான்சைஸ்’ என்று பெயர். ரெண்டும் ஒரே அளவு கொடுமை என்று சொல்ல வரவில்லை. ரெண்டும் ஒரே வம்சம்.

கால்பந்து தமிழ்நாட்டில் யாருடையது? வடசென்னையில் வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் ரயில்வேக் குடியிருப்புகளையும் சேரிகளையும் ஒட்டி வளர்ந்தது. தனபால் கணேஷ் வியாசர்பாடியிலிருந்து இந்திய அணிவரை போனார். குமரிக் கடற்கரையில் மீனவ ஊர்களில் வளர்ந்தது. 2017-18-ல் சென்னை சிட்டிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். தனித்தனி ஆளின் சாதி என்ன என்று நான் விசாரிக்கப் போகவில்லை, இந்த இடங்கள் எப்படிப்பட்ட இடங்கள் என்று உங்களுக்கே தெரியும். இந்தப் பையன்களுக்குப் பந்து என்றால் கோப்பை இல்லை, வேலை. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் வங்கி என்று அணி வைத்திருந்த நிறுவனங்களில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நிரந்தர வேலை, ஒரு பென்ஷன். 1996-ல் தேசிய லீக் தொடங்கியபோது இந்தியன் வங்கி அணியெல்லாம் அந்த மட்டத்தில் ஆடியிருக்கிறது. அந்த நிறுவன அணிகளை ‘பழைய பாணி’ என்று ஓரங்கட்டிவிட்டு, தொழில்முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷ ஒப்பந்தம். கிளப் செத்தால் ஆளும் காலி. சென்னை சிட்டி மறைந்தபோது வெளிநாட்டுக்காரனுக்கு வேறு நாடு இருந்தது, முதலாளிக்கு வேறு தொழில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு என்ன இருந்தது?

ஆகவே எங்கள் மேல் இரக்கப்பட்டு ஜெர்சி வாங்கித் தருகிற கனவான்களுக்குச் சொல்கிறேன். ஜெர்சி இருக்கிறது. எங்களுக்கு இரக்கம் வேண்டாம். உங்களுக்கு இறக்கம் வேண்டும். கடைசி இடம் வந்தவன் இறங்குகிற லீக், நாட்டிலும் வேண்டும், மாவட்டத்திலும் வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் திரும்ப நிரப்பப்படவேண்டும். அரசு பணமும் பொதுப் பொட்டலும் எந்தப் போட்டிக்குக் கொடுக்கப்பட்டாலும், அதில் அம்பலம் கையெழுத்து கேட்கிறவன் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடவேண்டும். பொதுவிடத்தைப் பயன்படுத்தத் தடுப்பதற்கு அந்தச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. படித்துப் பார்க்கட்டும்.

சட்டம் வருகிறவரை கண்மாய் காத்திருக்காது. வருகிற பங்குனியில் நாங்கள் ஆறு சேரி அணிகள் சேர்ந்து உள்வாயிலேயே லீக் நடத்தப்போகிறோம், மேலே மூன்று, கீழே மூன்று. ஒவ்வொரு சுற்று முடிவிலும் மேலே கடைசியில் நிற்கிற அணி இறங்கும், கீழே முதலில் நிற்கிற அணி ஏறும். எங்கள் தெரு அணியே கடைசியில் நின்றாலும் இறங்கும், பையன்களிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர்த் தெரு அணி வர விரும்பினால் வரலாம். கீழ் டிவிஷனில் ஆரம்பிக்க வேண்டும். யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. கட்டணம் கிடையாது, அணிக்கு ஒரு பந்து கொண்டுவந்தால் போதும். கணக்கு நோட்டு என்னிடம் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.